வளைகுடா அலுவலகங்களில் இணையவழித் தொலைபேசி: மாற்றத்தின் முறையும் தமிழர் நலனும்

முன்னுரை

ஐக்கிய அரபு அமீரகத்திலும் ஏனைய வளைகுடா நாடுகளிலும் உள்ள அலுவலகங்கள் கடந்த இருபது ஆண்டுகளாகக் கம்பிவழித் தொலைபேசியை விட்டு இணையவழித் தொலைபேசிக்கு மாறி வருகின்றன. தமிழர் உரிமையாளராகவோ மேலாளராகவோ விளங்கும் சரக்கனுப்பும் நிலையங்கள், பயண முகவர் நிலையங்கள், மருத்துவ நிலையங்கள், கட்டட ஒப்பந்த நிறுவனங்கள் ஆகியனவும் இம்மாற்றத்திற்கு விலக்கல்ல. எனினும், இது பெரும்பாலும் மாதாந்தரக் கட்டணக் கணக்காகவும் கருவி வாங்கும் செயலாகவும் மட்டுமே பார்க்கப்படுகிறது.

பழைய தொலைபேசி அமைப்பு நான்கு நலன்களை எவரும் கேளாமலே தந்து வந்தது. அவை சட்டத்தின் ஏற்பு, மின்சாரம், அழைப்பவர் இருக்கும் இடம் பற்றிய அறிவு, மறுமுனையில் மொழியறிந்த ஒரு மனிதர் என்பன. புதிய அமைப்பில் இந்நான்கும் தாமாக வருவதில்லை. திட்டமிட்டுச் சேர்த்தால்தான் வரும். சேர்க்கத் தவறும்போது இழப்பு முதலில் சென்றடைவது மேலாளரை அன்று. கிடங்கிலும் காவற்கூடத்திலும் பணியாற்றும் கடைநிலைத் தொழிலாளரையே. இக்கருத்தை இக்கட்டுரை தொழில்நுட்பம், சட்டம், மொழி ஆகிய மூன்று நிலைகளில் விளக்க முற்படுகிறது.

விளக்கத்தின் பொருட்டு ஓர் அலுவலகத்தைக் கற்பனையாகக் கொள்ளலாம். துபாயின் தேராப் பகுதியில் 40 உள்ளிணைப்புகளைக் கொண்ட ஒரு சரக்கனுப்பும் நிறுவனம்; அதற்கு அபுதாபியின் முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கு; சென்னையில் ஒரு கணக்குப் பிரிவு. வளைகுடாவில் இத்தகைய அமைப்புடைய நிறுவனங்கள் பலவுண்டு.

பழைய அமைப்பின் இயல்பு

அமீரகத்தின் தொலைத்தொடர்புப் பணி 1976ஆம் ஆண்டு நிறுவப்பட்ட எடிசலாட் நிறுவனத்தின் தனியுரிமையாக நெடுங்காலம் இருந்தது. அரபு மொழியில் அப்பெயர் 'தொடர்புகள்' எனப் பொருள்படும். இரண்டாம் நிறுவனமான 'டு' தன் கைப்பேசிச் சேவையை 2007இல் தொடங்கியது. துபாய் இணைய நகரம் போன்ற புதிய பகுதிகளில் நிலைவழித் தொலைபேசியை 'டு' வழங்க, பழைய நகரப் பகுதிகளில் எடிசலாட்டே வழங்கி வந்தது. ஆதலால், எந்த நிறுவனத்தின் இணைப்பைப் பெறுவது என்பதை அலுவலகம் அமைந்த தெருவே நெடுநாள் தீர்மானித்தது.

அலுவலகத்தினுள் இருந்தது பி.பி.எக்ஸ் என வழங்கும் தனியார் இணைப்பகம். நிறுவனத்திலிருந்து வரும் சில வெளியிணைப்புகளைப் பல மேசைகளுக்குப் பகிர்ந்தளிப்பது அதன் பணி. சிறிய அலுவலகங்கள் நான்கு அல்லது எட்டுக் கம்பிகளைப் பெற்றிருந்தன. பெரியவை 'இ1' எனப்படும் இணைப்பைப் பெற்றிருந்தன. அவ்விணைப்பு நொடிக்கு 20,48,000 துணுக்குகளைச் சுமக்கும். 32 காலக்கூறுகளாகப் பகுக்கப்பட்டு, அவற்றுள் 30 உரையாடலுக்கும் எஞ்சிய இரண்டு ஒத்திசைவுக்கும் சைகைக்கும் ஒதுக்கப்படும். அதாவது ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம், முப்பத்தொன்றாமவருக்கு வழியில்லை. ஆயின், பேசத் தொடங்கிவிட்ட ஒருவரின் காலக்கூற்றை வேறெவரும் பறிக்க இயலாது. பேசினாலும் பேசாவிட்டாலும் அவ்வழி அவருக்கே உரியது.

இவ்வமைப்பைக் கைவிட வேண்டிய நெருக்கடி அலுவலகத்தினுள் தோன்றியதன்று. இணைப்பகங்களை ஆக்கிய நிறுவனங்களே மறைந்தன. கனடாவின் நார்டெல் 2009 சனவரியில் நொடிப்புநிலைப் பாதுகாப்பை நாடியது; அதன் அலுவலகத் தொலைபேசிப் பிரிவை அவ்வாண்டின் இறுதியில் அவாயா வாங்கியது. உதிரி அட்டைகள் கிடைப்பது அரிதாயிற்று. பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் ஓய்வு பெற்றனர். மறுபுறம், அமீரகத்தில் செப்புக் கம்பியின் இடத்தை ஒளியிழை பிடித்துக்கொண்டது. வீடுதோறும் ஒளியிழை சென்றுள்ள நாடுகளின் உலக வரிசையில் அமீரகம் முன்னணியில் நிற்கிறது. வாயில்வரை ஒளியிழை வந்தபின் உள்ளே செப்புக் கம்பி இணைப்பகத்தைப் பேணுவது பொருளற்றதாகிறது.

பொதியாகும் குரல்

இணையவழித் தொலைபேசியில் குரலுக்கெனத் தனிவழி இல்லை. பேச்சு 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் முகவரியிட்ட பொதியாகி, நொடிக்கு 50 பொதிகள் வீதம் செல்கிறது. ஜி.711 என்னும் குறிமுறையில் ஒரு பொதியின் குரற்பகுதி 160 பைட்டுகள். முகவரிப் பகுதி 40 பைட்டுகள். ஆகவே 64 கிலோபிட் குரலைச் சுமக்க 80 கிலோபிட் தேவைப்படுகிறது. அலுவலக வலையின் உறையையும் சேர்த்தால் ஏறத்தாழ 87 கிலோபிட். 30 உரையாடல்களுக்கு ஒவ்வொரு திசையிலும் 2.6 மெகாபிட் வேண்டும். பழைய 'இ1' இதே 30 உரையாடல்களை 2 மெகாபிட்டில் அடக்கியது. இணையவழி சிக்கனமானது என்னும் பொதுக்கருத்து குறிமுறை அளவில் உண்மையன்று. பகிர்ந்துகொள்ளும் வழி என்பதாலேயே அது மலிவாகிறது.

பகிர்வே அதன் குறையுமாகும். கணக்குப் பிரிவில் ஒருவர் பெரிய கோப்பொன்றை அனுப்பும் வேளையில் குரற்பொதிகள் வரிசையில் காத்திருக்க நேரும். பொதிகள் சீரற்ற இடைவெளியில் வந்தால் குரல் உடைகிறது. இதற்கு மருந்து, குரலுக்கென அலுவலக வலையினுள் தனி மெய்நிகர் வலையை அமைத்து, திசைவியில் குரற்பொதிகளுக்கு முன்னுரிமை வழங்குவதாகும். இதைச் செய்யாமல் இணைய வேகத்தை மட்டும் கூட்டும் அலுவலகங்களில் பழைய குறை தொடரவே செய்யும்.

அழைப்பைத் தொடங்குதல், மணியடித்தல், முடித்தல் ஆகிய பணிகளைச் செய்யும் நெறிமுறை சிப் எனப்படும். 1999இல் முதல் வடிவம் பெற்று 2002இல் இன்றைய வடிவம் பெற்றது அது. பழைய 'இ1' இணைப்புக்கு மாற்றாகத் தொலைத்தொடர்பு நிறுவனம் தருவது 'சிப் டிரங்க்'. இங்கே 30 என்னும் வரம்பு வன்பொருளில் இல்லை, ஒப்பந்தத்தில் உள்ளது.

உரிமம்: முதற் கேள்வி

ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ அலுவலகத் தொலைபேசியை மாற்றுவோர் முதலில் கேட்பது 'எந்த நிறுவனம் மலிவு?' என்பது. வளைகுடாவில் முதலில் கேட்க வேண்டியது 'யாருக்கு உரிமம் உண்டு?' என்பது.

அமீரகத்தில் 2003ஆம் ஆண்டின் 3ஆம் எண் கூட்டாட்சிச் சட்ட ஆணையின்கீழ்த் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. இணையவழிக் குரற்சேவையை உரிமம் பெற்ற நிறுவனங்களே வழங்கலாம் என்பது அதன் நிலைப்பாடு. 2010இல் எடிசலாட், டு ஆகியவற்றோடு செயற்கைக்கோள் நிறுவனங்களான துரையா, யாஹ்சாட் ஆகியனவும் இச்சேவையை வழங்கத் தகுதியுடையன என அறிவிக்கப்பட்டது. உரிமமற்ற செயலிகளின் குரற்சேவை தடுக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்கைப் தடைபட்டதும், அதையொட்டி 2018 சனவரியில் போட்டிம், சிமீ ஆகிய உரிமம் பெற்ற செயலிகள் மாதக் கட்டணத் திட்டத்துடன் வந்ததும் வளைகுடாத் தமிழர் நன்கறிந்தவை. கைப்பேசிக்கு 50 திர்ஹமும் வீட்டு இணையத்துக்கு 100 திர்ஹமும் எடிசலாட் விதித்த மாதக் கட்டணம். 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாக மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், ஜூம், வெப்எக்ஸ் முதலியவற்றுக்கு வழி திறக்கப்பட்டது.

அலுவலகத்துக்கு இதன் பொருள் தெளிவானது. துபாயின் 04 குறியீட்டுடன் கூடிய எண்ணை மலிவு விலையில் தருவதாக வெளிநாட்டு நிறுவனமொன்று கூறினால், அது அமீரகத்தில் உரிமம் பெற்றதன்று எனின், அவ்விணைப்பு எந்நாளும் துண்டிக்கப்படலாம். மறைவழி வலையான விபிஎன் குறித்தும் தெளிவு வேண்டும். நிறுவனங்களும் வங்கிகளும் தம் உள்வலையை அடைய அதைப் பயன்படுத்துவதற்குத் தடையில்லை என ஆணையம் 2016இல் விளக்கியது. ஆனால், குற்றமெனக் கருதப்படும் செயலை மறைக்க அதைப் பயன்படுத்தினால், 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரையிலான தண்டமும் சிறையும் சட்டத்தில் உள்ளன. தண்டத் தொகையை நோக்கும்போது, சேமிக்கக் கருதிய கட்டணம் பொருட்படுத்தத் தக்கதன்று.

நாட்டுக்கு நாடு நிலை வேறுபடுகிறது. சவூதி அரேபியா 2013இல் வைபரைத் தடைசெய்தது. பின்னர் 2017 செப்டம்பர் 21 அன்று, விதிமுறைகளுக்கு உட்பட்ட இணையவழி அழைப்புகளுக்கு இருந்த தடையை நீக்கியது. ஆகவே ஒரே நிறுவனத்தின் தம்மாம் கிளைக்கும் தேராக் கிளைக்கும் ஒரே திட்டம் பொருந்தாது.

சென்னைப் பிரிவும் கருதத் தக்கது. இந்தியாவில் 2002 ஏப்ரல் 1 முதல் இணையவழித் தொலைபேசி வரம்புடன் ஏற்கப்பட்டது. எனினும் பொதுத் தொலைபேசி வலையையும் இணைய வலையையும் ஒரே இணைப்பகத்தில் கலப்பதற்கு நெடுங்காலம் தடை இருந்தது. அழைப்பு மையங்களைக் கட்டுப்படுத்திய விதிகள் 2020 நவம்பரிலும் 2021 சூனிலும் பெரிதும் தளர்த்தப்பட்டன. தளர்ந்த பின்பும் ஒரு கோடு அழியவில்லை. தேரா மேசையிலிருந்து சென்னை மேசைக்கு நிறுவனத்தின் தனிவலை வழியே பேசுவது ஒன்று. அவ்வலை வழியே சென்னை சென்று, அங்குள்ள உள்ளூர்த் தொலைபேசி இணைப்பின் வழியாக வெளியேறித் தஞ்சாவூரில் ஒருவருக்கு மணியடிக்கச் செய்வது மற்றொன்று. பின்னது பன்னாட்டுக் கட்டணத்தைத் தவிர்க்கும் குறுக்குவழி. இரு நாட்டிலும் குற்றம். தொழில்நுட்ப அளவில் இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாடு அமைப்புப் பக்கத்தில் ஒரு வரிதான். அந்த ஒரு வரியை எழுதும் பணியாளருக்கு அதன் சட்டப்பொருள் தெரிந்திருத்தல் வேண்டும்.

மின்சாரம்

பழைய கம்பி குரலை மட்டும் கொண்டுவரவில்லை. இணைப்பகத்தின் மின்கலங்களிலிருந்து 48 வோல்ட் நேர்மின்சாரத்தையும் கொண்டுவந்தது. கட்டடம் இருளில் மூழ்கினும் சாதாரணத் தொலைபேசி ஒலித்தது. அலுவலக இணைப்பகங்களிலும், மின்சாரம் நின்றவுடன் வெளிக்கம்பியைக் குறிப்பிட்ட ஒரு கருவிக்கு நேரே மாற்றிவிடும் வசதி இருந்தது. ஒளியிழை மின்சாரத்தைச் சுமப்பதில்லை. ஒளியிழை முனையக் கருவி, திசைவி, இணைப்பு மாற்றி, மேசைத் தொலைபேசி ஆகிய நான்கும் கட்டட மின்சாரத்தையே நம்பியுள்ளன. நான்கில் ஒன்று நின்றாலும் குரல் நின்றுவிடும்.

பிரித்தானியாவின் பட்டறிவு இங்கே பயன்படும். அங்குக் கம்பிவழித் தொலைபேசியை 2025 இறுதியில் நிறுத்தத் திட்டமிட்டிருந்தனர். முதியோர் கழுத்தில் அணியும் உதவிப் பொத்தான்கள் மாற்றத்தின்போது செயலிழந்த நிகழ்வுகளை அடுத்து, 2023 டிசம்பரில் கட்டாய மாற்றம் இடைநிறுத்தப்பட்டது. இறுதிநாள் 2027 சனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. தொழில்நுட்பம் தோற்றதால் அன்று. பழைய கம்பியை யார் எதற்காக நம்பியிருந்தனர் என்னும் கணக்கெடுப்பு இல்லாமையால் நேர்ந்த தாமதம் அது.

40 மேசைக் கருவிகள் ஒவ்வொன்றும் 6 வாட் எனக் கொண்டால் 240 வாட். ஏனைய கருவிகளுடன் ஏறத்தாழ 320 வாட். இரண்டு மணிநேரம் தாங்க 640 வாட்-மணி ஆற்றல் வேண்டும். இக்கணக்கில் வளைகுடாவுக்கே உரிய ஒரு கூறு சேர்கிறது. ஈய மின்கலத்தின் ஆயுள் 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். வார இறுதியில் குளிரூட்டியை நிறுத்திச் செல்லும் அலுவலகத்தில், சன்னலற்ற சிற்றறையில் வைக்கப்பட்ட மின்கலம் கோடையில் விரைந்து முதுமையடைகிறது. தேவைப்படும் நாளில் சில நிமிடங்களில் கைவிடுகிறது. எனவே மின்கலத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும், மின்சாரத்தை உண்மையாகவே நிறுத்திச் சோதித்தல் வேண்டும். சிக்கனம் கருதுவோர் 40 கருவிகளுக்கும் காப்பு மின்சாரம் தரத் தேவையில்லை. வரவேற்பு மேசை, காவலர் அறை, கிடங்கு ஆகிய மூன்றுக்குத் தந்தால் போதும்.

2024 ஏப்ரல் 16 அன்று அமீரகத்தில் 75 ஆண்டுகளில் காணாத மழை பெய்தது. அல் ஐன் அருகே கத்ம் அல் ஷக்லாவில் 254 மில்லிமீட்டர் பதிவாயிற்று. ஷார்ஜாவின் சில பகுதிகளில் பல நாள் நீர் வடியவில்லை. கட்டடங்கள் சிலவற்றில் மின்சாரமும் இல்லை. இத்தகைய நாளில் இணையவழித் தொலைபேசியின் வலிமையும் வெளிப்படுகிறது. அலுவலக எண் கட்டடத்தோடு பிணைக்கப்படாமையால், வீட்டிலுள்ள பணியாளரின் கருவியில் அதை ஒலிக்கச் செய்யலாம். அதற்கான மாற்றுவழியை முன்னரே எழுதி வைத்திருந்தால் மட்டுமே இது கைகூடும்.

இடம்: அவசர அழைப்பு

அமீரகத்தில் காவல் துறைக்கு 999, மருத்துவ ஊர்திக்கு 998, தீயணைப்புக்கு 997. கம்பிவழித் தொலைபேசியில் எண்ணும் முகவரியும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. 02 அபுதாபி, 04 துபாய், 06 ஷார்ஜா என்னும் குறியீடுகளே திசையைக் காட்டின. இணையவழியில் எண் ஓரிடத்தும் பேசுபவர் வேறோரிடத்தும் இருக்கலாம்.

முசஃபா கிடங்கின் உள்ளிணைப்புகள் தேராவின் இணைப்பகத்தில் பதிவாகி, துபாயின் 04 இணைப்பு வழியே வெளியேறுமாறு அமைக்கப்பட்டன என்று கொள்வோம். மாதக் கட்டணம் குறையும். கிடங்கில் ஒருவர்மீது இரவில் சரக்குப் பெட்டி சரிந்து விழுந்து, உடன் பணிபுரிபவர் 999 அழுத்தினால், அவ்வழைப்பு துபாய்க் காவல்துறையின் கட்டுப்பாட்டு அறைக்குச் செல்லும் அபாயம் உண்டு. திரையில் தேரா முகவரி தோன்றும். அமீரகங்கள் ஒவ்வொன்றின் காவல்துறையும் தனித்தனிக் கட்டுப்பாட்டு அறையைக் கொண்டுள்ளமையால், அழைப்பு மீண்டும் அபுதாபிக்கு மாற்றப்பட வேண்டும். அரபும் ஆங்கிலமும் சரளமாகப் பேச இயலாத தொழிலாளர் அந்த நொடிகளில் தம் இடத்தை விளக்குவது எளிதன்று. இதற்குத் தீர்வு, கிடங்குக்கென ஓர் 02 இணைப்பைத் தனியே வைத்து, அவசர எண்கள் மட்டும் அதன் வழியே செல்லுமாறு விதி எழுதுவது. கூடுதற் செலவு ஓர் இணைப்பின் மாதக் கட்டணமே.

மற்றொரு சிக்கல் எண்ணிலேயே உள்ளது. வெளியிணைப்புக்கு முதலில் 9 அழுத்தும் வழக்கம் பல அலுவலகங்களில் உண்டு. அங்கே ஒருவர் 999 அழுத்தினால், முதல் 9 வெளியிணைப்புக் குறியாக விழுங்கப்பட்டு, வெளியே 99 மட்டுமே செல்லும். 999, 9999 ஆகிய இரண்டையும் அவசர அழைப்பாகவே கொள்ளுமாறு இணைப்பகத்தில் தனிவிதி எழுதுதல் வேண்டும். இது சிறு செய்தியன்று. 2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாசு மாநில விடுதியொன்றில் தாய் தாக்கப்பட்டபோது, அவருடைய ஒன்பது வயது மகள் அவசர எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தியும், முன்னால் 9 அழுத்த வேண்டும் என்பது தெரியாமையால் அழைப்பு வெளியே செல்லவில்லை. அத்தாயின் பெயரால் வழங்கும் 'காரி சட்டம்' 2018இல் ஒப்பம் பெற்று 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அலுவலக இணைப்பகங்களில் முன்னெண் இன்றியே அவசர எண் செல்ல வேண்டும் என்பது அச்சட்டத்தின் கட்டளை. வளைகுடா அலுவலகமொன்று இதே விதியைத் தன் இணைப்பகத்தில் எழுதச் சில நிமிடங்கள் போதும்.

கடலடிக் கம்பியும் காலத்தாழ்வும்

இணைப்பகத்தை அலுவலகத்திலேயே வைப்பதா, தொலைவிலுள்ள வழங்கியில் வாடகைக்குக் கொள்வதா என்பது அடுத்த முடிவு. பேசுபவரின் ஒலி கேட்பவரை அடைய 150 மில்லிநொடிக்கு மேற்படாதிருத்தல் நன்று என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஒளியிழையில் ஒளி 1,000 கிலோமீட்டரைக் கடக்க 5 மில்லிநொடி ஆகும். தேராவிலிருந்து சென்னைக்குக் கடலடிவழி 5,000 கிலோமீட்டர் எனக் கொண்டால் 25 மில்லிநொடி. வழங்கி இலண்டனில் இருந்து, குரலும் அதன் வழியே சென்று திரும்புமாயின், பாதை 25,000 கிலோமீட்டர் அளவுக்கு நீளும். ஒளியின் பயணத்துக்கே 125 மில்லிநொடி கழிந்துவிடும். எஞ்சிய 25இல் கருவிகளின் வேலை முடிவதில்லை. இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடத் தொடங்குவர்.

தொலைவு மட்டுமன்றிப் பாதையின் பாதுகாப்பும் கருதத் தக்கது. 2008 சனவரி 30 அன்று அலெக்சாந்திரியா அருகே இரு கடலடிக் கம்பிகள் அறுந்தன. இரு நாள் கழித்துத் துபாய்க்கு அப்பால் பால்கன் கம்பியும் அறுந்தது. வளைகுடாவும் இந்தியாவும் ஒருங்கே தடுமாறின. 2025 செப்டம்பரிலும் செங்கடலில் கம்பிகள் அறுந்து அமீரக இணையம் தளர்ந்தது. வழங்கி ஐரோப்பாவில் இருக்குமாயின், அந்நாளில் தேரா அலுவலகத்தின் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் பேசுவதற்கான ஆணையும் செங்கடலைக் கடந்தாக வேண்டும். 2019 முதல் அமீரகத்திலும் பஹ்ரைனிலும் பெரிய மேகக்கணினி நிலையங்கள் அமைந்துள்ளமையால், அருகிலுள்ள வழங்கியைக் கேட்டுப் பெறுவது இன்று இயலும்.

மாற்றத்தின் படிநிலைகள்

முதற்படி கணக்கெடுப்பு. மேசைத் தொலைபேசிகளை எண்ணுவது எளிது. மின்தூக்கியினுள் உள்ள உதவித் தொலைபேசி, தீயெச்சரிக்கைப் பலகை, தொலைநகல், கடனட்டைக் கருவி, வாயில் மணி ஆகியன பழைய கம்பியில் தொங்கிக்கொண்டிருப்பது பலர் நினைவில் இராது. ஒவ்வொரு கம்பியையும் பிடித்து அதன் முனைவரை சென்று பார்த்தல் வேண்டும். இவற்றுள் சிலவற்றுக்கு மாற்றுக் கருவி போதும். தீயெச்சரிக்கைக்கு உரிய துறையின் ஏற்பு வேண்டும்.

இரண்டாம் படி, அலுவலக வலையைச் சீர்செய்தல். பழைய தொலைபேசிக்கு இழுத்த இருகம்பி வடம் புதியதற்குப் பயன்படாது. மூன்றாம் படி, இரு அமைப்புகளையும் சில வாரம் அருகருகே இயக்குதல். முதலில் உள்ளிணைப்புகள், பின்னர் வெளிச்செல்லும் அழைப்புகள், இறுதியில் உள்வரும் அழைப்புகள் என்னும் வரிசை பாதுகாப்பானது. நான்காம் படி, காவல். இணையத்தில் திறந்து கிடக்கும் இணைப்பகத்தைத் தேடித் திரியும் நிரல்கள் இடைவிடாது அலைகின்றன. அவை கடவுச்சொல்லைக் கண்டறிந்து, தொலைதூர நாடுகளின் உயர்கட்டண எண்களுக்கு அழைப்புகளைச் செலுத்துகின்றன. அலுவலகம் மூடியிருக்கும் வார இறுதியே அவற்றுக்கு உகந்த காலம். தேவையற்ற நாடுகளுக்கான அழைப்பைத் தடுத்து, நாளொன்றுக்குச் செலவு வரம்பையும் விதித்தால் இழப்பு எல்லைக்குள் நிற்கும். ஐந்தாம் படி, பயிற்சி. இரவுக் காவலருக்கும் கிடங்குப் பணியாளருக்கும் அவர்தம் மொழியில் அளிப்பதே பயிற்சியாகும்.

தமிழ்க் குரல்

பழைய இணைப்பகத்தின் நடுவே ஒரு மனிதர் இருந்தார். வளைகுடா அலுவலகங்களின் தொலைபேசி இயக்குநர்கள் பலர் இந்தி, மலையாளம், தமிழ், ஆங்கிலம், ஓரளவு அரபு எனப் பல மொழி அறிந்தவர்கள். அழைப்பவரின் முதற்சொல்லிலேயே மொழியை உணர்ந்து உரிய மேசைக்கு அனுப்பினர். இணையவழி அமைப்பின் தானியங்கு வரவேற்பு அவர் இடத்தைப் பிடிக்கிறது. 'அரபுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு' என அது கூறும்போது, ஊருக்கு அனுப்பிய பெட்டி எங்கே எனக் கேட்க அழைத்த தொழிலாளர் வெளியே நிறுத்தப்படுகிறார். தமிழைச் சேர்க்கத் தனி உரிமமோ பெருஞ்செலவோ தேவையில்லை. தெளிவான ஒலிப்பதிவு போதும். ஆயினும் அதில் இலக்கண அறிவு வேண்டப்படுகிறது.

ஆங்கில எண்களை ஒலித்துண்டுகளாகக் கோப்பது எளிது. ஒன்று முதல் பத்தொன்பது வரை, இருபது முதல் தொண்ணூறு வரையிலான பத்துகள், நூறு, ஆயிரம், சுழியம் என 30 துண்டுகளால் 9,999 வரை சொல்லிவிடலாம். தமிழில் நூறு என்பது நூற்று என்றும், இருபது என்பது இருபத்து என்றும், ஆயிரம் என்பது ஆயிரத்து என்றும் திரியும். இருநூறு, முந்நூறு, தொள்ளாயிரம் ஆகியவை இரண்டு, மூன்று, ஒன்பது என்பவற்றோடு நூறு சேர்த்து ஒலிக்கத் தக்கனவல்ல. ஆகவே தனிவடிவம் 19, பத்துகள் இருவடிவில் 16, நூறுகள் இருவடிவில் 18, ஆயிரங்கள் இருவடிவில் 18, சுழியம் ஒன்று. மொத்தம் 72 துண்டுகள். ஆங்கில முறையை அப்படியே பின்பற்றினால் 123 திர்ஹம் என்பது 'நூறு இருபது மூன்று' என ஒலிக்கும். கேட்பவருக்கு அது மூன்று தனித் தொகைகள். 'நூற்று இருபத்து மூன்று' என ஒலிக்க வேண்டுமாயின் ஒரு தமிழறிஞர் அரைநாள் ஒலிப்பதிவாளர் அருகில் அமர்ந்தால் போதும். கடவுச்சீட்டு எண், சரக்கு எண் ஆகியவற்றை மட்டும் இலக்கம் இலக்கமாகச் சொல்வதே முறை.

ஒலித்தரத்திலும் தமிழர்க்கு ஒரு நன்மை உண்டு. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 எர்ட்சு வரையிலான ஒலியையே சுமந்தது. பெயரின் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லும்போது எஸ், எஃப் இரண்டும் மயங்கியமைக்கு இதுவே காரணம். அவ்விரண்டையும் வேறுபடுத்தும் ஒலியாற்றல் பெரிதும் அவ்வெல்லைக்கு மேலுள்ளது. தலைப்பெழுத்து மாறினால் பயணச்சீட்டும் ஆவணமும் மாறும். ஜி.722 குறிமுறை 7,000 எர்ட்சு வரை சுமப்பதால், இரு முனையும் அதை ஏற்கும் இடத்தில் இம்மயக்கம் பெரிதும் நீங்கும்.

உரையாடலைப் பதிவுசெய்வது புதிய அமைப்பில் ஒரு பொத்தானில் முடிகிறது. ஒப்புதலின்றிப் பதிவுசெய்தல் அமீரகச் சட்டப்படி குற்றம். 'இவ்வழைப்பு பதிவுசெய்யப்படுகிறது' என்னும் அறிவிப்பு அழைப்பவருக்கு விளங்காத மொழியில் ஒலிக்குமாயின், அவர் எதற்கு இசைந்தார் என்னும் கேள்வி எழும். தமிழ் அறிவிப்பு இங்கே மரியாதை மட்டுமன்று, நிறுவனத்துக்குப் பாதுகாப்பும் ஆகும்.

முடிவுரை

கம்பிவழியிலிருந்து இணையவழிக்கு மாறுவது வளைகுடா அலுவலகங்களுக்குத் தவிர்க்க இயலாதது. பழைய அமைப்பு கேளாமல் தந்த நான்கையும் கேட்டுப் பெறுவது எவ்வாறு என்பது மேலே காட்டப்பட்டது. உரிமம் பெற்ற நிறுவனத்தின் இணைப்பு, தாங்கும் மின்கலம், இடமறிந்த அவசர வழி, தமிழறிந்த குரல் ஆகியன ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்னரே எழுத்தில் இடம்பெற வேண்டும். தானியங்கு வரவேற்பு எத்துணை மொழிகளைப் பேசினாலும், சுழியம் அழுத்தினால் ஒரு மனிதர் எடுப்பார் என்னும் வழியை மூடிவிடலாகாது. மாற்றம் முடிந்த நாளில், கட்டுப்பாட்டு அறையின் முன்னிசைவைப் பெற்று, கிடங்கின் தொலைபேசியிலிருந்து 999 வழியைச் சோதித்து, திரையில் முசஃபா முகவரி தோன்றுகிறதா எனக் கேட்டறிந்த பின்னரே பழைய இணைப்பகத்தின் மின்விசையை அணைத்தல் முறையாகும்.